கேபிளை வெட்டினால் பொருத்தம் வருமா?

அமெச்சூர் வானொலிக்குப் புதிதாக வரும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "அண்ணா, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 2 காட்டுது. கேபிளை எவ்வளவு வெட்டினா 1 ஆகும்?" வெட்ட வேண்டாம் என்பேன்.

ஆண்டெனாவும் கேபிளும் பொருந்தினால் மீட்டர் 1 காட்டும். ஆர்.ஜி.58 கேபிளின் மின்மறுப்பு 50 ஓம். ஆண்டெனா 100 ஓம் என்றால் 2. 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 2.07 மீட்டர். கேபிளுக்குள் அலை ஒளியின் வேகத்தில் 66 விழுக்காட்டில்தான் ஓடுவதால் அது 1.37 மீட்டராகச் சுருங்கிவிடும். அதில் பாதியாக, 68 சென்டிமீட்டரில் கேபிளை வெட்டினால் வானொலிப் பக்கம் அதே 100 ஓம் தெரியும். கால் பங்காக, 34 சென்டிமீட்டரில் வெட்டினால் 25 ஓம். ஆனால் 50க்கும் 25க்கும் உள்ள விகிதமும் 2தானே! மீட்டர் அசையாது.

நீளத்தைக் கூட்டினால் மீட்டர் இறங்கும், உண்மைதான். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்த அலைவரிசையில் 15 மீட்டர் ஆர்.ஜி.58, அனுப்பும் ஆற்றலில் ஏறக்குறைய பாதியை வெப்பமாக்கிவிடும். எதிரொலித்துத் திரும்புவதிலும் பாதி போய்விடும். மறுமுனையில் ஆண்டெனாவே இல்லாவிட்டாலும் மீட்டர் சுமார் 3தான் காட்டும்!

மீட்டரை ஆண்டெனாவின் அடியில் மாட்டி அளந்து பாருங்கள். நீளத்தைத் திருத்த வேண்டியது ஆண்டெனாக் கம்பியில்.