சின்னம்மாவுக்கு இன்னும் பரீட்சை முடியவில்லை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கூலாயில் என் சின்னம்மா வீட்டு வரவேற்பறையில் நான் தரையில் மல்லாந்து படுத்திருந்தேன். உறக்கமில்லை. எனக்கு ‘விபத்து’ நடந்திருந்தது!

“அசையாதம்மா. உன் கழுத்து எலும்பு உடைஞ்சிருக்கலாம்,” என்றார் சின்னம்மா. என் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் என் தலையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பிள்ளைகள் இருவரும் தோளையும் இடுப்பையும் காலையும் பிடித்தார்கள். முதுகில் காயம் இருக்கிறதா என்று பார்ப்பது சித்தப்பாவின் வேலை.

“தலையைப் பிடிச்சிருக்கிறவங்கதான் எண்ணணும். நான் மூணு சொன்னதும் எல்லாரும் ஒண்ணா திருப்பணும். ஒண்ணு... ரெண்டு... மூணு!”

மரக்கட்டையை உருட்டுவதுபோல் என்னை ஒருக்களித்துத் திருப்பினார்கள். பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. “இடுப்பு முந்திடுச்சு. முதுகெலும்பு முறிஞ்ச ஆளா இருந்தா இப்பக் கால் விளங்காமப் போயிருக்கும். மறுபடியும் செய்யலாம்,” என்றார்.

சின்னம்மா ஜொகூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையில், அவசர சிகிச்சை மற்றும் விபத்துப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறார். இந்தத் துறையில் அவருக்கு 21 ஆண்டு அனுபவம். எங்கள் பாட்டி இன்னும் தோட்டத்துப் பழக்கத்தில் “என் மக மிஸ்ஸி” என்றுதான் பெருமையாகச் சொல்வார். அந்த மிஸ்ஸிக்கு மறுவாரம் இரண்டு நாள் பயிற்சி. விபத்தில் பலத்த காயமடைந்தவர்களைக் கவனிப்பது பற்றியது. முடிவில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு.

நான் விளையாட்டாகக் கேட்டேன்: “இருபத்தொரு வருஷமா செய்யற வேலைக்கு இன்னுமா சின்னம்மா பரீட்சை?”

அவர் என்னைப் பார்த்துத் திருப்பிக் கேட்டார்: “நாளைக்கு நீ நிஜமாவே அடிபட்டு வந்தா, இருபத்தொரு வருஷத்துக்கு முன்ன நான் படிச்சதை வெச்சு உன்னைப் பார்த்தாப் போதுமா?”

எனக்குப் பதில் வரவில்லை. அதைத் தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

பாடமும் பழையதாகும்

நான் படிப்பது கணக்கியல். மருத்துவம் எனக்குப் புதிது. எலும்பும் இரத்தமும் மாறுவதில்லை. பிறகு பாடம் மட்டும் ஏன் மாறவேண்டும் என்று நினைத்திருந்தேன். மாறியிருக்கிறது. அதுவும் நிறைய.

ஓர் எடுத்துக்காட்டு. முன்பெல்லாம் அதிகமாக இரத்தம் இழந்து வருபவருக்கு உப்புநீர் மருந்தை நரம்பு வழியாக வேகமாக ஏற்றுவார்கள். இரத்த அழுத்தம் ஏறும், எல்லாருக்கும் நிம்மதி. ஆனால், அளவுக்கு மீறிய உப்புநீர் இரத்தத்தை நீர்க்கச் செய்கிறது. உடலைக் குளிரச் செய்கிறது. இரத்தம் உறைவது குறைகிறது. இன்றைய பாடம் வேறு. கசிவை முதலில் நிறுத்து, இழந்த இரத்தத்துக்கு இரத்தத்தையே சீக்கிரம் கொடு, போர்வை போட்டுச் சூட்டைக் காப்பாற்று. அன்று சரியென்று படித்ததை அப்படியே செய்பவர் இன்று தீங்கு செய்துவிடக்கூடும்.

இன்னோர் எடுத்துக்காட்டு, டிரனெக்சாமிக் ஆசிட் என்ற மருந்து. இது 1962இல் உத்தாக்கோ ஒகாமோத்தோ என்ற ஜப்பானியப் பெண் ஆராய்ச்சியாளரும் அவர் கணவரும் கண்டுபிடித்தது. விலையும் மலிவு. ஆனால், விபத்தில் இரத்தம் இழப்பவர்களுக்கு இது உயிர்காக்கும் என்பது 2010இல்தான் உறுதியானது. 40 நாடுகளில் 20,000க்கும் அதிகமான நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ‘கிராஷ் 2’ என்ற ஆய்வு அதைக் காட்டியது. அதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. காயம் பட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் பலனில்லை, கெடுதலும் வரலாம்.

“அதனாலதான் ஆம்புலன்ஸ் கதவு திறந்ததும் ‘எத்தனை மணிக்கு விழுந்தாரு’ன்னு கேட்கிறோம்,” என்றார் சின்னம்மா. “நான் தாதிமை படிச்சு முடிச்சப்ப இதைப் பத்தி யாரும் எங்களுக்குச் சொல்லலை. சொல்றதுக்கு அப்போ அந்த ஆய்வே நடக்கலையே!”

ஒரு சோளக்காட்டில் தொடங்கியது

விபத்துச் சிகிச்சையை ஒரே ஒழுங்கில் கற்றுக்கொடுக்கவேண்டும் என்ற எண்ணமே ஒரு விபத்தில்தான் பிறந்தது. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் தம் குடும்பத்தோடு சொந்தச் சிறு விமானத்தில் சென்றபோது, அது நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். பிள்ளைகளுக்குப் பலத்த காயம். சிறிய ஊர் மருத்துவமனைக்குப் போனபோது, இப்படிப்பட்ட காயங்களை எந்த வரிசையில் கவனிப்பது என்றே அங்கே தெரியவில்லை. அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டைனரும் அவர் சகாக்களும் 1978இல் முதல் பயிற்சியை நடத்தினார்கள். 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. இன்று உலகம் முழுவதும் மருத்துவர்கள் படிக்கும் ‘ஏடிஎல்எஸ்’ பயிற்சி அதுதான். தாதியருக்கென்று ‘டிஎன்சிசி’ என்ற பயிற்சி 1986இல் வந்தது. அதன் சான்றிதழ் 4 ஆண்டுதான் செல்லும். பிறகு மீண்டும் தேர்வு எழுதவேண்டும். சுவரில் மாட்டிவிட்டு மறந்துபோகிற சான்றிதழ் அன்று அது!

மூன்றாவது அரை மணி நேரம்

“மருத்துவர் இருக்கும்போது தாதிக்கு எதற்கு இவ்வளவு?” என்று சிலர் கேட்கலாம். என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் பகுதிநேர வேலை முடிந்து இரவில் மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது ஒரு சந்திப்பில் அவன் விழுந்துவிட்டான். மருத்துவமனையில் நன்றாகப் பேசினான். நெற்றியில் சிறு வெட்டு. “வீட்டுக்குப் போகலாமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மருத்துவர் பார்த்துவிட்டு, சில மணி நேரம் கண்காணிப்பில் வைக்கச் சொல்லி அடுத்த நோயாளியிடம் போனார்.

அதன்பிறகு அரை மணிக்கு ஒருமுறை வந்தவர் ஒரு தாதி. பெயர் என்ன, இது எந்த இடம், இது எந்த மாதம் என்று கேட்பார். கையை அழுத்தச் சொல்வார். கண்ணில் டார்ச் அடிப்பார். “எத்தனை தடவைதான் பேரைக் கேட்பாங்களோ என்று எரிச்சலாக இருந்தது,” என்று அவன் பிறகு எங்களிடம் சொன்னான். மூன்றாவது முறை மாதத்தைத் தவறாகச் சொன்னான். அது அவனுக்கு நினைவில்லை. ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதையும் அந்தத் தாதி கவனித்தார். உடனே மருத்துவரை அழைத்தார். ஸ்கேன் எடுத்ததில், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அன்றிரவே அறுவை சிகிச்சை. அடுத்த பருவத்தில் அவன் எங்களோடு விரிவுரைக்கு வந்து உட்கார்ந்தான்.

அந்தத் தாதி பயன்படுத்தியது கிளாஸ்கோ அளவுகோல். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6, மொத்தம் 15. மிகக் குறைந்த மதிப்பெண் 3. 1974இல் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் என்ற இரு மருத்துவர்கள் உருவாக்கியது. அதையும் 40 ஆண்டு கழித்து 2014இல் திருத்தினார்கள். ‘வலி கொடுத்துப் பார்’ என்றிருந்தது ‘அழுத்திப் பார்’ என்று மாறியது. எங்கே, எப்படி அழுத்துவது என்பதும் தெளிவாக்கப்பட்டது. இரண்டு தாதியர் வேறு வேறு விதமாக அழுத்தினால் இரண்டு மதிப்பெண் வரும். மதிப்பெண் இறங்குவது நோயாளியாலா, அளப்பவராலா என்று தெரியாமல் போய்விடும்.

இதில் எனக்கு மிகவும் உறைத்தது மொழிதான். நான் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப் பள்ளியில் மலாயில் படித்து, இப்போது ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறவள். சின்னம்மாவின் பயிற்சி நூல் ஆங்கிலத்தில். வார்டில் பேச்சு மலாயில். ஆனால், தலையில் அடிபட்டு வரும் ஒரு தோட்டத்துப் பாட்டியிடம் மலாயில் மாதம் கேட்டால், அவர் விழிப்பார். ‘குழப்பத்தில் இருக்கிறார்’ என்று மதிப்பெண்ணைக் குறைத்தால் அது யார் தவறு? “நான் தமிழ்ல கேட்டேன். ஆடி மாசம், கோயில்ல கூழ் ஊத்துற நேரம்னு டக்குன்னு சொன்னாங்க. முழு மார்க் போட்டேன்,” என்று சின்னம்மா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். வங்காளதேசத் தொழிலாளி வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போது பயிற்சியில் பேசுகிறார்களாம்.

புள்ளியா, படிப்பா?

நம் நாட்டில் தாதியர் 1950ஆம் ஆண்டு தாதியர் சட்டத்தின்கீழ் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். தொழில் செய்வதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். அதற்குத் தொடர்க்கல்விப் புள்ளிகள், அதாவது ‘சிபிடி’ புள்ளிகள் வேண்டும். அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சை போன்றவற்றில் பல மாதங்கள் நீளும் சிறப்புப் பயிற்சியும் உண்டு. ‘போஸ்ட் பேசிக்’ என்றுதான் தாதியர் அதைச் சொல்கிறார்கள்.

ஏற்பாடு நல்லதுதான். நடைமுறைதான் கடினம். ஒரு ஷிப்ட்டில் இருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர்கள் அந்த வேலையையும் சுமக்கவேண்டும். ஆகவே, பலரும் ஓய்வு நாளில்தான் படிக்கிறார்கள். இரவு வேலை முடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, காலை விரிவுரையில் போய் உட்காருகிறவர்களும் உண்டு. அப்படி உட்காருகிறவர் காதில் என்ன ஏறும்? பெயர்ப் பட்டியலில் கையெழுத்து விழும், புள்ளி ஏறும். கணக்கியல் மாணவியாக எனக்கு ஒன்று தெரியும்: எண்ணிக்கை சரியாக இருப்பதாலேயே கணக்கு சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

“கையில செஞ்சு பார்த்ததுதான் ராத்திரி மூணு மணிக்கும் ஞாபகத்துக்கு வரும்,” என்பது சின்னம்மாவின் அனுபவம். அதனால்தான் என்னைத் தரையில் படுக்கவைத்தார். பயிற்சி நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிடவேண்டும். பெரிய நகரங்களில் மட்டுமன்றி மாவட்ட மருத்துவமனைகளிலும், வார்டிலேயே, சிறு சிறு செய்முறைப் பயிற்சிகளாக நடத்தவேண்டும். தாதியர் கேட்பது இவ்வளவுதான். இது சலுகை அன்று, நம் பாதுகாப்பு.

நம் வயதுக்காரர்களின் பிரச்சினை

மலேசியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,000 பேர் சாலை விபத்தில் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். விடியுமுன்பே சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பும் அண்ணன்மார்களை ஜொகூர் பாரு பாலத்தில் பார்க்காதவர் நம்மில் யார்? 2016 டிசம்பர் 24ஆம் தேதி விடியற்காலை, ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் சென்ற விரைவுப் பேருந்து பாகோ அருகே நெடுஞ்சாலையை விட்டு விழுந்து 14 பேர் இறந்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் காயமடைந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து இறங்குவார்கள். யாரைச் சிவப்பு மண்டலத்துக்கு அனுப்புவது, யார் பச்சையில் காத்திருக்கலாம் என்பதைச் சில நிமிடங்களில் முடிவு செய்யவேண்டும். புத்தகத்தைப் புரட்ட அப்போது நேரம் இருக்காது.

தாதிமை படிக்க எண்ணும் தம்பி தங்கைகளே, ‘மூன்று ஆண்டு டிப்ளோமா, பிறகு வேலை’ என்று மட்டும் நினைக்காதீர்கள். படிப்பு அங்கே முடிவதில்லை. படிக்கப் பிடிக்கும் என்றால் அதுவே இந்தத் தொழிலின் சுவையும்கூட.

மற்றவர்களும் சிலவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். விபத்தைக் கண்டால் 999ஐ அழையுங்கள். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். மேலும் ஆபத்து வரும் இடமாக இல்லாவிட்டால் அடிபட்டவரை இழுத்துத் தூக்காதீர்கள். எத்தனை மணிக்கு நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். மருத்துவமனையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சின்னம்மா தேர்வில் தேறிவிட்டார். வாழ்த்துச் சொல்லப் போனேன். மேசையில் நோட்டுப் புத்தகம் விரித்தபடியே கிடந்தது. அவர் பிரிவுக்குப் புதிதாக நான்கு தாதியர் வருகிறார்களாம். அவர்களுக்கு இவர்தான் சொல்லிக்கொடுக்கவேண்டுமாம்.

“நல்லவேளை வந்தே,” என்றார். “சோபாவைக் கொஞ்சம் நகர்த்தும்மா. தரையில இடம் வேணும்.”