மருத்துவ அட்டை வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்ப்போம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடல்நலம் குன்றினால் வழிபாடும் தொண்டும் குடும்பக் கடமையும் தடைப்பட்டு நிற்கும். அறநிலையத்தின் மருத்துவ உதவியை நாடி வருவோர் எல்லோரும் காப்புறுதி இல்லாதவர்கள் அல்லர். கையில் மருத்துவ அட்டை இருந்தும், வேண்டிய நாளில் அது கைகொடுக்காமல் போனவர்களும் அவர்களுள் உண்டு.

சுங்கைப்பட்டாணிக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய ஓர் அன்பர், முகவர் உறவுக்காரர் என்ற நம்பிக்கையில் ஓர் அட்டை வாங்கினார். அவருக்கு முன்பே நீரிழிவு இருந்தது. “அதெல்லாம் எழுத வேண்டாம் மாமா, சந்தா கூடிவிடும்” என்றார் முகவர். அடுத்த ஆண்டே நெஞ்சு வலி வந்தது. பழைய மருத்துவப் பதிவுகளைப் பார்த்த நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. இப்படி இன்னொரு குடும்பத்துக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

தோட்டமும் பட்டணமும்

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் காய்ச்சல் என்றால் டிரஸ்ஸரிடம் போவோம். மருந்து குறைவாக இருந்தாலும், போக ஓர் இடம் இருந்தது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிய பின், பீடோங், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரங்களிலிருந்து நம்மவர் பலர் பட்டணத்துக்கு வந்துவிட்டனர். பிள்ளைகள் கூலிம் தொழிற்சாலைகளில் வேலை செய்கின்றனர். முதலாளி தரும் குழுக் காப்புறுதியை நம்பி இருப்போர், வேலையை விட்டால் அதுவும் பொதுவாக நின்றுவிடும் என்பதை மறந்துவிடுகின்றனர். சொக்சோ என்பது வேலையிட விபத்துக்கும் இயலாமைக்கும் உரியது; எல்லா நோய்க்குமான மருத்துவ அட்டை அன்று.

அரசு மருத்துவமனை நமக்கு என்றும் துணை. குடிமக்களுக்கு வெளிநோயாளர் பிரிவில் 1 வெள்ளி, சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளி என்ற கட்டணம் உலகில் பல நாடுகளில் கிடைக்காத சலுகை. ஆகவே வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி அட்டை வாங்க வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தமாட்டோம். இயன்றவர்கள் வாங்கும்போது சரியாக வாங்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2014 முதல் முன்பே நோய் உள்ளவர் என்பதற்காக மருத்துவக் காப்புறுதியை மறுக்க முடியாது. அங்கே பல நிறுவனங்களின் திட்டங்களை ஒரே சந்தையில் வரிசையாக வைத்து ஒப்பிடலாம். இங்கு நிலைமை வேறு. நோய் உள்ளவரை ஏற்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் முடிவு. எனவே உடல் நலமாக இருக்கும்போதே நாமே ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும்.

எவற்றை ஒப்பிடுவது?

மாதச் சந்தா எவ்வளவு என்பதே நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி. கடைசிக் கேள்வியும் அதுவே. இன்றைய சந்தாவைக் காட்டிலும், அறுபது வயதில் அது எவ்வளவு என்பதே முக்கியம். வயது வாரியான சந்தா அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள தொகையும் உறுதியானதன்று. மருத்துவச் செலவு உயர்ந்தால் நிறுவனம் அதை மாற்றலாம். 2024 இல் சந்தா உயர்வு குறித்து நாடெங்கும் குறை எழுந்தபோது, பேங்க் நெகாரா தலையிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்த ஏற்பாட்டின்படி, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துச் செயல்படுத்த வேண்டும் என்றும், குறைந்தது 80 விழுக்காட்டுப் பத்திரதாரர்களுக்கு ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்றும் கூறப்பட்டது. இது 2026 இறுதி வரைக்குமான இடைக்கால ஏற்பாடு.

முதலீட்டுடன் இணைந்த பத்திரமானால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நாம் கட்டும் பணத்தில் ஒரு பகுதி முதலீட்டு நிதிக்குப் போகிறது. மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் அந்த நிதியிலிருந்து மாதந்தோறும் கழிக்கப்படுகிறது. வயது ஏற ஏறக் கழிவும் ஏறும். நிதி வற்றிவிட்டால் பத்திரம் காலாவதியாகும். “இந்தச் சந்தாவில் எனக்கு எத்தனை வயது வரை பாதுகாப்பு நீடிக்கும்?” என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, ஆண்டு வரம்பு, வாழ்நாள் வரம்பு, அறை வாடகை ஆகியவற்றைப் பாருங்கள். உத்தரவாதக் கடிதத்தை ஏற்கும் மருத்துவமனைகளின் பட்டியலில் சுங்கைப்பட்டாணி, அலோர் ஸ்டார், பினாங்கு மருத்துவமனைகளில் எவை உள்ளன என்று கேளுங்கள். பட்டியல் எவ்வளவு நீளமாயினும், நம் ஊருக்கு அருகில் ஒன்றும் இல்லையென்றால் அவசரத்தில் என்ன பயன்?

2024 செப்டம்பர் முதல், செலவில் ஒரு பகுதியை நாமே ஏற்கும் இணைக்கட்டணத் திட்டங்களையும் நிறுவனங்கள் வழங்க வேண்டியுள்ளது. 20,000 வெள்ளிச் சிகிச்சையில் 5 விழுக்காடு என்றால் நம் பங்கு 1,000 வெள்ளி. சந்தா குறையும், ஆனால் அந்த ஆயிரத்தைத் தனியே சேமித்து வைத்திருக்க வேண்டும்.

காத்திருப்புக் காலமும் உண்டு. பொதுவாக நோய்களுக்கு 30 நாளும், இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய், கட்டி, கல்லடைப்பு போன்றவற்றுக்கு 120 நாளும் என்பது வழக்கம். வேறு நிறுவனத்துக்கு மாறினால் இக்காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இடையில் வந்த நோய் விலக்கப்படலாம். எனவே புதியது உறுதியாகும் முன் பழையதை நிறுத்தாதீர்கள்.

மறைக்காதீர்கள்

மேலே கூறிய அன்பரின் துயரத்துக்குக் காரணம் ஒரு கட்டத்தில் எழுதாமல் விட்ட ஒரு சொல். 2013 ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி, கேட்கப்படும் கேள்விகளுக்குக் கவனத்துடன் உண்மையாகப் பதில் சொல்வது நம் கடமை. பாரத்தை முகவர் நிரப்பினாலும் கையெழுத்து நம்முடையது. மலாயோ ஆங்கிலமோ சரளமாகத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளைகள் அருகில் அமர்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னதால் சந்தா சற்றுக் கூடலாம், அந்த நோய் மட்டும் விலக்கப்படலாம். மறைத்தால் எல்லாமே போகலாம்.

பத்திரம் கைக்கு வந்த பின் 15 நாள் அவகாசம் உண்டு. மனத்துக்கு ஒவ்வாவிடில் அதற்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

நிறுவனம் பணம் தர மறுத்தால், முதலில் அதன் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் தீராவிட்டால், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தைகள் குறைதீர்ப்புச் சேவையை நாடலாம். 250,000 வெள்ளி வரையிலான காப்புறுதி, தக்காஃபுல் வழக்குகளை அது விசாரிக்கிறது; பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை. நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் செல்ல வேண்டும்.

அன்பர்களே, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறோம். இருபது முப்பது ஆண்டு சந்தா கட்டப் போகும் பத்திரத்துக்கு மூன்று நிறுவனங்களிடமாவது விசாரிப்பது மிகையன்று. ஒரே வயது, ஒரே ஆண்டு வரம்பு என்று சொல்லி மூன்றிடமும் எழுத்தில் விவரம் வாங்கி, ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். உறவுக்காரரிடம் வாங்குவதில் தவறில்லை. உறவுக்காக மட்டும் வாங்குவதே தவறு. அட்டையும் பத்திரமும் வீட்டில் எங்கே உள்ளன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

நன்கொடையாளர்கள் மனமுவந்து தரும் ஒவ்வொரு வெள்ளியும் உண்மையில் வழியற்றவரைச் சென்று சேர வேண்டும். இயன்றவர்கள் முன்யோசனையுடன் தம்மைக் காத்துக்கொள்வது அந்த அறத்துக்குச் செய்யும் துணையாகும். எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நோயற்ற வாழ்வை அருள்வானாக.