நொறுங்கிய காலைக் காப்பாற்ற முடியுமா?

ஜொகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போய்வரும் நம்மவர்கள் பலர். விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பும் தோலும் சிதைந்தால் காலை எடுப்பது மட்டுமே வழியல்ல. மறுகாலின் வெளிப்புற மெல்லிய எலும்பில் நடுப்பகுதியைத் தோலோடும் இரத்தக் குழாயோடும் எடுத்துப் பொருத்தலாம். உடல் எடையைப் பெரும்பாலும் பக்கத்துப் பெரிய எலும்பே தாங்குவதால் அந்தக் காலிலும் நடக்கலாம்.

சில மில்லிமீட்டர் அகலக் குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்து, முடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள். இரத்தம் ஓடுவதால் எலும்பு உயிரோடு ஒட்டும். மெல்பர்ன் மருத்துவர் இயன் டெய்லர் குழு 1975-இல் வெளியிட்ட முறை இது. முழு எடை தாங்க மாதக்கணக்கில் ஆகும், புகைபிடித்தல் கெடுக்கும்.

எலும்பு தெரியும் காயத்துக்கு எண்ணெய்க்கட்டு வேண்டாம். சுத்தமான துணியால் மூடி 999-ஐ அழையுங்கள். எல்லாருக்கும் இது பொருந்தாது. ஆனாலும் காலை எடுக்கச் சம்மதிக்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள்.