வைரஸ் தொற்றும் மறதி நோயும்: அறிய வேண்டியதும் கேட்டுப் பெற வேண்டியதும்

நினைவு, மொழி, இடம் அறிதல், அன்றாடக் கணக்கு ஆகிய திறன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்து, ஒருவர் பிறர் துணையின்றி வாழ இயலாத நிலைக்கு வந்து சேர்வதை மருத்துவம் டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று அழைக்கிறது. அல்சைமர் நோய் அதன் பெரும்பான்மை வகையாகும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. முதுமையும் மரபணுவும் இதன் முதன்மைக் காரணிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இளமையில் வந்துபோன ஒரு வைரஸ் தொற்று பிற்காலத்து மறதிக்கு வித்திடுமா என்ற கேள்வி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுலகின் ஓரத்தில் கிடந்து, அண்மையில்தான் மையத்துக்கு வந்திருக்கிறது.

வாயோரத்தில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் மரபுப்பொருள் முதியோரின் மூளைத் திசுவில் இருப்பதை மான்செஸ்டரில் ரூத் இட்சாக்கியின் குழு 1991-இல் காட்டியது. இவ்வகை வைரஸ்கள் உடலை விட்டு முழுமையாக நீங்குவதில்லை. சின்னம்மை ஆறிய பிறகும், அதே ஹெர்ப்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்த அதன் வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, நோய் எதிர்ப்பாற்றல் தளரும் வயதில் விழித்தெழுந்து, அக்கியாக உடலின் ஒரு பக்கத்தில் பட்டை போலக் கொப்புளிக்கிறது. இத்தகைய விழிப்பு மூளையில் நீடித்த அழற்சியை உண்டாக்கலாம், நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கலாம், அல்சைமர் நோயில் படியும் அமிலாய்டு புரதத்தைத் தூண்டலாம் என்பன இன்று முன்வைக்கப்படும் விளக்கங்கள். இவற்றுள் எதுவும் இன்னும் முடிந்த முடிபன்று.

தொற்றுக்கு ஆளானவர்களிடம் மறதி நோய் மிகுதியாகக் காணப்பட்டால், தொற்றே காரணம் என்று உடனே முடிவு கட்ட இயலாது. மறதி நோய் வெளித்தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடல் நலியத் தொடங்குவதால், அந்த நலிவே தொற்றுக்கு வழி திறந்திருக்கலாம். தடுப்பூசி போட்டுக்கொள்பவர்களும் பொதுவாக உடல்நலத்தில் அக்கறை மிகுந்தவர்கள் என்பதால், அவர்களுக்கு மறதி குறைவாக வருவது ஊசியின் பயனா அவர்களது வாழ்க்கைமுறையின் பயனா என்று பிரித்தறிவது கடினம்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் வகுக்கப்பட்ட ஓர் அரசு விதியாகும். அங்கு 2013 செப்டம்பர் 1-இல் அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கே ஊசி என்றும், அதற்கு முன் பிறந்தவர்களுக்கு எக்காலத்திலும் இல்லை என்றும் வரையறுக்கப்பட்டது. ஒரு வாரம் முன்பின்னாகப் பிறந்த இரு சாராரிடையே உணவிலோ கல்வியிலோ பழக்கத்திலோ வேறுபாடு இருக்க வழியில்லை. ஆனால் ஒரு சாராரில் 0.01 விழுக்காட்டினரும் மறு சாராரில் 47.2 விழுக்காட்டினரும் ஊசி பெற்றனர். ஏழாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, ஊசி பெற்றவர்களிடையே புதிதாக மறதி நோய் கண்டறியப்படுவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகவும், அப்பயன் பெண்களிடம் கூடுதலாகத் தென்பட்டதாகவும் காட்டியது. ஆஸ்திரேலியாவில் இதே முறையில் நடந்த ஆய்வும் அதே திசையைச் சுட்டியது. இத்துறையில் இதுவரை கிடைத்த சான்றுகளில் வலுவானவை இவையே எனலாம். எனினும் வைரஸை அடக்கியதால் வந்த பயனா, ஊசி நோய் எதிர்ப்பாற்றலைப் பொதுவாகத் தூண்டியதால் வந்த பயனா என்பது இவற்றால் விளங்கவில்லை.

மறுபுறத்துச் சான்றையும் சொல்லியாக வேண்டும். ஹெர்ப்பீஸ் தொற்றின் தடயம் கொண்ட தொடக்கநிலை அல்சைமர் நோயாளிகள் 120 பேரிடம், வாலசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஒன்றரை ஆண்டு கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2025 ஜூலையில் வெளியானபோது, மருந்து நோயின் போக்கைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. மறதி நோயின் மாற்றத்தக்க காரணிகள் என்று லான்செட் ஆணையம் 2024-இல் வகுத்த பதினான்கினுள் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், செவித்திறன் குறைவு, புகைப்பழக்கம், தனிமை முதலியன உள்ளன. வைரஸ் தொற்று அதில் இடம்பெறவில்லை. ஆகவே, மறதியைத் தடுப்பதாகச் சொல்லி வைரஸ் எதிர்ப்பு மாத்திரையையோ விலையுயர்ந்த இரத்தப் பரிசோதனைத் தொகுப்பையோ விற்பவர்களை இப்போதைக்கு நம்பத் தேவையில்லை.

தொற்றுக்கும் மூளைச் சிதைவுக்கும் ஐயத்துக்கு இடமற்ற தொடர்புள்ள நோய்களும் உள்ளன; மக்களின் கவனம் முதலில் செல்ல வேண்டியது அங்கேதான். தட்டம்மை வந்த குழந்தைகளில் மிகச் சிலருக்கு, வைரஸ் மூளையில் தங்கி, பெரும்பாலும் ஆறு முதல் பத்து ஆண்டுகள் கழித்து, பாடம் மறப்பது, கையெழுத்துச் சிதைவது, கை கால் திடீரெனத் துள்ளுவது எனத் தொடங்கி உயிரைப் பறிக்கிறது. இதை முற்றிலும் குணமாக்கும் மருந்தில்லை. 9 மாதம் முடிந்ததும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் இலவசமாகப் போடப்படும் இரண்டு தவணைத் தடுப்பூசியே காப்பு. தமிழ்நாட்டில் 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் வாட்ஸ்அப் வதந்தியால் தடுமாறியதை நினைத்தால், அந்த வதந்திக்குக் கொடுக்கப்பட்டிருக்கக்கூடிய விலை புரியும். எச்.ஐ.வி. வைரஸும் சிகிச்சையின்றி விடப்பட்டால் நினைவாற்றலைக் கெடுக்கும், அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாகக் கிடைக்கும் கூட்டுமருந்து அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. ஹெர்ப்பீஸ் மூளை அழற்சியில் காய்ச்சலோடு பேச்சுக் குழறுதல், நடத்தை மாற்றம், வலிப்பு ஆகியவை தோன்றும். இதைப் புத்தி பேதலிப்பு என்று வீட்டிலேயே வைத்திருப்பது பேராபத்து. சிகிச்சையில்லாவிடில் பத்தில் ஏழு பேர் வரை உயிரிழக்கும் இந்நோயில், சிரைவழி அசைக்ளோவிர் மருந்து பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் தொடங்கப்பட வேண்டும்.

அக்கியைப் பொறுத்தவரை, வைரஸ் எதிர்ப்பு மாத்திரை முதல் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் தரும். மண்பாண்டம் வனைபவர் வீட்டுக்குச் சென்று செங்காவிக் குழம்பால் அக்கி எழுதிக்கொள்வது தமிழகத்தின் பல ஊர்களில் இன்றும் உண்டு. கொப்புளங்கள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தாமாகவே உலரும் இயல்புடையவை என்பதால், எழுதியதால் ஆறியது என்ற நம்பிக்கை உறுதிப்படுகிறது. இடையில் அந்த மூன்று நாள் கைநழுவி, மாதக்கணக்கில் எரியும் நரம்புவலிக்கு இடமாகிறது. எழுதிக்கொள்ள விரும்புபவர் எழுதிக்கொள்ளட்டும், ஆனால் அன்றைக்கே மருத்துவரையும் பார்க்கட்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண் பார்வையே கேள்விக்குள்ளாகும். ஐம்பது வயதைக் கடந்தோருக்கான இரண்டு தவணை அக்கித் தடுப்பூசி இந்தியாவில் கிடைத்தாலும், அரசின் இலவசத் திட்டத்தில் இல்லாததால் பல ஆயிரம் ரூபாய் செலவாகும். அக்கியையும் அதன் வலியையும் தடுப்பதற்காகவே அதைப் போட்டுக்கொள்ளலாம். மறதி குறைந்தால் அது கூடுதல் ஆதாயம்.

காய்ச்சல் கண்ட முதியவர் ஓரிரு நாளில் உளறவும் ஆளை அடையாளம் தெரியாமல் விழிக்கவும் தொடங்கினால், அது பெரும்பாலும் டெலிரியம் எனப்படும் திடீர்ச் சித்தக்குழப்பம். தொற்றைக் குணமாக்கினால் இதிலிருந்து பலர் மீள்கின்றனர். படிப்படியாக வரும் மறதியிலும் தைராய்டு, வைட்டமின் பி12, எச்.ஐ.வி. ஆகிய பரிசோதனைகளைச் செய்யுமாறு குடும்பத்தார் கேட்கலாம். இவை காட்டும் காரணங்களுள் சில திருத்தத்தக்கவை.

நோய் உறுதியான பின்னரும் சட்டம் கைவிடுவதில்லை. நினைவுக் கோளாறுகளையும் உள்ளடக்கிய 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று கொள்ளக்கூடாது, அதைத் தகுந்த நீதிமன்றமே சொல்ல வேண்டும் என்கிறது. சிகிச்சை குறித்த விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கவும், தமக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும், உடல்நோய்க்கு இணையான மருத்துவக் காப்பீட்டைக் கோரவும் அச்சட்டம் உரிமை தருகிறது. நோய் தொடக்கநிலையில் இருக்கும்போதே இந்த ஆவணங்களை முடித்துவிடுவது நல்லது, ஏனெனில் பின்னர் கையெழுத்தே வழக்காகும். கவனித்துக்கொள்ளும் நிபந்தனையை ஏற்றுச் சொத்தைப் பெற்றுக்கொண்டு கைவிட்ட பிள்ளைகளுக்கு எதிராக, 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு அளித்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய கட்டணமில்லா எண்களை அழைக்கலாம்.