பாம்புச் சட்டை

சிகாகோவில் மகள் வீட்டில் குளிர்காலம். பேரன் வளர்க்கும் விஷமில்லாத கார்ன் ஸ்நேக் சட்டை உரித்தது. சரியாக உரிந்தால் சட்டை ஒரே துண்டாக வரும். ஹீட்டர் காற்றின் வறட்சியில் அது கிழிந்து, வால் நுனியிலும் ஒரு கண்ணிலும் ஒட்டிக்கொண்டது. வாலில் இறுகினால் ரத்த ஓட்டம் நின்று நுனி அழுகிவிடும்.

நான் இடுக்கியை எடுத்தேன். "வேண்டாம் தாத்தா!" என்று தடுத்தான். பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியுள்ள கண்ணாடிச் செதிலும் சட்டையோடு உரிய வேண்டும். பிடுங்கினால் கண்ணே கெடும்.

காற்றுத் துளையிட்ட டப்பாவில் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் போட்டு, பாம்பை அரைமணி நேரம் விட்டோம். ஊர்ந்து ஊர்ந்து வால் தோலைத் தானே கழற்றியது. கண்ணைத் தொடவில்லை; கூண்டில் ஈரம் கூட்டினோம். அடுத்த உரிப்பில் அதுவும் வந்துவிட்டதாம்.

ரயில்வே பணிமனையில் துருப்பிடித்த போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தவன், இதை மறந்தேனே!