நாற்பது பேர், ஒரே காற்று

வைரஸைத் தடுக்கப் பள்ளிகள் வாசலில் காவல் போட்டன. அது பரவியதோ வகுப்பறைக் காற்றில். செலவு குறைந்த வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் இந்தியப் பள்ளிகள் பெரிதும் நம்பியது பூட்டைத்தான்.

2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பள்ளிகள் ஒவ்வொன்றாகத் திறந்தபோது நாடெங்கும் வாசலில் ஒரே காட்சிதான். துப்பாக்கி போன்ற வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டும் ஊழியர், உள்ளங்கையில் சானிடைசர், தரையில் சுண்ணாம்பு வட்டங்கள், கிருமிநாசினி போட்டுத் துடைத்த பெஞ்சுகள். இத்தனை சோதனைகளையும் கடந்து உள்ளே போன பிள்ளைகள், பல இடங்களில், ஜன்னல் சாத்திய அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து உரத்த குரலில் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். காவல் எல்லாம் வாசலில். திருடன் வந்ததோ காற்றில்.

கோவிட் தொடங்கிய காலத்தில் தொட்ட இடத்திலும் தும்மிய துளியிலும்தான் ஆபத்து என்றே எங்கும் பேசப்பட்டது. ஆனால் வைரஸ் காற்றில் மிதந்தும் பரவுகிறது என்று மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2021 மே மாதமே ஓர் அறிவுரைக் குறிப்பு வெளியிட்டது. பெரிய துளிகள் 2 மீட்டருக்குள் விழுந்துவிடும், நுண்துளிகள் 10 மீட்டர் வரைகூடப் போகும் என்ற அந்தக் குறிப்பு, ஜன்னலையும் கதவையும் எதிரெதிரே திறந்துவையுங்கள், வெளியேற்றும் மின்விசிறி பொருத்துங்கள் என்று கேட்டுக்கொண்டது. வெப்பமானி வாங்கிய வேகத்தில் யாரும் எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கவில்லை.

விளைவு, வைரஸ் தலைகாட்டும்போதெல்லாம் பள்ளிக்குப் பூட்டு. யுனெஸ்கோ கணக்குப்படி 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் வரை இந்தியப் பள்ளிகள் முழுதாகவோ பகுதியாகவோ 82 வாரங்கள் மூடிக் கிடந்தன. உலகில் மிக நீண்ட மூடல்களில் இதுவும் ஒன்று. இதற்குப் பிள்ளைகள் கொடுத்த விலை கிராமப்புறக் கல்வி நிலை பற்றிய 'அசர்' ஆய்வில் பதிவாகியிருக்கிறது. மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் 27.3 சதவீதம், 2022இல் 20.5 சதவீதம்.

பூட்டைத் தவிர வேறு வழி இல்லையா என்பதுதான் கேள்வி.

ஊதுபத்திக் கணக்கு

வகுப்பறையின் ஒரு மூலையில் ஊதுபத்தி கொளுத்தினால் சற்று நேரத்தில் வாசனை கடைசி பெஞ்சை எட்டிவிடும். நோயுற்றவரின் மூச்சும் அப்படித்தான். ஜன்னலைத் திறந்தால் புகை நீர்த்துப்போகும். ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியைச் சுழலவிட்டால் அதே புகை அறை முழுக்கச் சுற்றிவரும். கூரையில் சுழலும் விசிறி காற்றைக் கலக்குகிறதே தவிர, மாற்றுவதில்லை.

இதை அளக்க எளிய வழி கரியமில வாயு. திறந்தவெளியில் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 420 பங்கு கரியமில வாயு இருக்கிறது. மனிதர் வெளிவிடும் மூச்சிலோ சுமார் 40,000 பங்கு. 500 சதுர அடி அறையில் 40 மாணவர்களை வைத்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டால், ஒரே பீரியடுக்குள் அளவு 2,000ஐத் தாண்டிவிடும். அந்த நிலையில் ஒவ்வொரு பிள்ளையும் இழுக்கும் 25 மூச்சில் ஒரு மூச்சு அடுத்தவர் விட்டது. அளவு 1,000ஐ ஒட்டி இருந்தால் காற்று ஓரளவு மாறுகிறது என்று கொள்ளலாம். இதைக் காட்டும் கருவி சில ஆயிரம் ரூபாய்தான். ஒன்றை வாங்கி வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோனால், எந்த அறையில் ஜன்னல் போதாது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

காற்றை மாற்றினால் நோய் குறையும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 இறுதியில் 169 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்தபோது, காற்றோட்டத்தை மேம்படுத்திய பள்ளிகளில் கோவிட் தொற்று 39 சதவீதம் குறைவாக இருந்தது. இத்தாலியின் மார்கே பகுதியில் 10,000க்கும் மேற்பட்ட வகுப்பறைகளை 2021-22இல் ஒப்பிட்டார்கள். இயந்திரக் காற்றோட்டம் இருந்த 316 அறைகளில் தொற்றும் அபாயம் குறைந்தது 74 சதவீதம் குறைவு.

ஆனால் ஜன்னல் மட்டுமே கவசம் ஆகாது. 2021 மே மாதம் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் தடுப்பூசி போடாத ஆசிரியர் ஒருவர் உடம்பு சரியில்லாத நிலையிலேயே வகுப்புக்கு வந்து, முகக்கவசத்தை இறக்கிவிட்டு உரக்கப் பாடம் வாசித்தார். ஜன்னல்கள் திறந்திருந்தன, காற்று வடிகட்டியும் ஓடியது, பிள்ளைகள் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். அப்படியும் 24 மாணவர்களில் 12 பேருக்குத் தொற்று. முன்னிரண்டு வரிசைகளில் 10 பேரில் 8 பேர். பின்வரிசைகளில் 14 பேரில் 4 பேர். காற்றோட்டம், முகக்கவசம், தடுப்பூசி, நோயாளி வீட்டில் இருப்பது என நான்கும் சேர்ந்தால்தான் வேலி. ஒரு பக்கம் திறந்தால் ஆடு நுழைந்துவிடும்.

வெளியே விஷம்

வட இந்தியாவில் இன்னொரு சிக்கல். நவம்பர் வந்தால் தில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஜன்னலைத் திறப்பது வைரஸை விரட்டுவதாக இருக்கலாம். புகையை அழைப்பதாகவும் இருக்கும். 2023 நவம்பரில் குளிர்கால விடுமுறையையே முன்கூட்டிக் கொண்டுவந்தார்கள். 2024 நவம்பரிலும் காற்று மாசு காரணமாகத் தில்லிப் பள்ளிகளில் நேரடி வகுப்புகள் நின்றன. வைரஸுக்கும் பூட்டு, புகைக்கும் பூட்டு.

இரண்டுக்கும் ஒரே மருந்து உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. புகையின் நுண்துகளைப் பிடிக்கும் நல்ல வடிகட்டி, வைரஸ் ஏறிவரும் நுண்துளியையும் பிடிக்கும். அறைக்குள் வைக்கும் காற்றுச் சுத்திகரிப்பான் விலை கூடியது என்றால், 2020இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்ஸி, ஜிம் ரோசென்தால் இருவரும் சொன்ன யோசனை இருக்கிறது. நான்கைந்து வடிகட்டி அட்டைகளைப் பெட்டிபோல ஒட்டி மேலே ஒரு மின்விசிறியைப் பொருத்துவது. மேல்வகுப்பு மாணவர்களே செய்துவிடக்கூடிய வேலை. இது கரியமில வாயுவைக் குறைக்காது. புகை தணியும் நேரம் பார்த்து ஜன்னலையும் திறந்தாக வேண்டும்.

சுவரே கரும்பலகை

இந்தியாவுக்கு வாய்த்த பெரிய வசதி, ஆண்டின் பெரும்பகுதியில் வெளியே உட்கார முடிகிற தட்பவெப்பம். ரவீந்திரநாத் தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கி மரத்தடியில் பாடம் நடத்தியது நோய்க்குப் பயந்து அல்ல. ஆனால் அந்த ஏற்பாட்டின் அருமை தொற்றுநோய்க் காலத்தில் புரிந்தது. அதே மேற்கு வங்கத்தின் பச்சிம் பர்தமான் மாவட்டத்தில் ஆசிரியர் தீப் நாராயண் நாயக், பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் வீட்டுச் சுவர்களுக்குக் கறுப்பு வண்ணம் பூசிக் கரும்பலகையாக்கினார். ஸ்மார்ட்ஃபோன் இல்லாத பிள்ளைகள் தெருவில் இடைவெளி விட்டு உட்கார்ந்து அந்தச் சுவரில் எழுதிப் படித்தார்கள். 'தெரு வாத்தியார்' என்று ஊர் அவரை அழைத்தது. உலக ஆசிரியர் விருதுக்கான 2023ஆம் ஆண்டின் இறுதிப் பத்துப் பேர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

திறந்தவெளி என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. கர்நாடக அரசு 2020 ஆகஸ்டில் தொடங்கிய 'வித்யாகமா' திட்டத்தில் ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய்க் கோயில் வளாகத்திலும் மரத்தடியிலும் வகுப்பெடுத்தார்கள். ஆசிரியர்களுக்குத் தொற்று, மரணம் என்ற செய்திகள் வரத் தொடங்கியதும் அக்டோபரில் திட்டம் நிறுத்தப்பட்டது. பாடம் வெளியில் நடக்கலாம். தடுப்பூசி இன்னும் வராத அந்நாளில் ஆசிரியர் பஸ்ஸில்தான் வந்தார்.

பள்ளியோடு முடிவதில்லை

இந்தப் பாடம் எண்பது வருடப் பழசு. வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஃபிலடெல்ஃபியா பகுதிப் பள்ளிகளில் வகுப்பறையின் மேற்பகுதியில் புறஊதா விளக்குகளைப் பொருத்திக் காற்றில் உள்ள கிருமிகளைக் கொன்று பார்த்தார். 1941இல் தட்டம்மை பரவியபோது விளக்கு இல்லாத வகுப்புகளில், நோய் வர வாய்ப்புள்ள பிள்ளைகளில் 53.6 சதவீதம் பேருக்கு நோய் கண்டது. விளக்குள்ள வகுப்புகளில் 13.3 சதவீதம். ஆனால் நியூயார்க் மாநிலத்திலும் லண்டன் அருகே சவுதாலிலும் இதே முயற்சி சோபிக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வெளியிலும் பஸ்ஸிலும் ஒன்றாகவே இருந்து, வகுப்பில் வாங்காத நோயை அங்கே வாங்கிக்கொண்டார்கள்.

இந்திய நகரங்களில் இதற்கு ஈடாகப் பிள்ளைகளைத் திணித்துச் செல்லும் ஆட்டோவும் வேனும் இருக்கின்றன. ஒரே அறையில் நடக்கும் டியூஷன் சென்டர் இருக்கிறது. கல்யாண மண்டபம் இருக்கிறது. பள்ளி எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஊர் ஒத்துழைக்காவிட்டால் பயன் பாதிதான்.

தட்டம்மையே அதற்குச் சாட்சி. தடுப்பூசி போடாத பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேரைத் தொற்றக்கூடியது, நோயாளி எழுந்துபோன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அறைக் காற்றில் நிற்கக்கூடியது அந்த வைரஸ். 2022 இறுதியில் மும்பையின் கோவண்டி போன்ற நெருக்கடியான பகுதிகளில் அது பரவி, பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் குடித்தது. தடுப்பூசி தவறியவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். சமூகத்தில் 95 சதவீதம் பேர் இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் இந்த நோய்க்கு அணை.

அந்த ஒத்துழைப்பைச் சுற்றறிக்கையால் வாங்க முடியாது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட ஐந்து இடங்களில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் பள்ளிகளில் தொடங்கியபோது வாட்ஸப் வதந்தி ஊசிக்கு முன்னே போய்ச் சேர்ந்தது. 2019 ஜனவரியில் பெற்றோர் சம்மதம் பற்றிய வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் அங்கே பள்ளி முகாம்களையே நிறுத்திவைத்தது. பெற்றோரிடம் முதலில் பேசியிருந்தால் மிச்சமாகியிருக்கக்கூடிய நாட்கள் அவை.

காய்ச்சலுக்கு விடுமுறை

எல்லாவற்றையும்விட மலிவான தடுப்பு, காய்ச்சல் கண்ட பிள்ளை வீட்டில் இருப்பது. அதுதான் மிகக் கடினமானதும். ஒரு நாளும் லீவு போடாத மாணவனுக்கு ஆண்டு விழாவில் கோப்பை கொடுக்கும் பள்ளிகள் இன்றும் உண்டு. ஏழைக் குடும்பத்தில் தாய் வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போயிற்று. பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் மதிய உணவும் போயிற்று. ஆகவே மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊரடங்கின்போது பல மாநிலங்கள் மதிய உணவுக்கான தானியத்தை வீட்டுக்கே சேர்த்தன. அதே ஏற்பாட்டைக் காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கும் நீட்டலாம். வருகைப் பதிவில் நோய் விடுப்பைத் தனியாகக் குறித்து, பரிசுக் கணக்கிலிருந்து விலக்கலாம்.

பணம் இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. 'சமக்ர சிக்ஷா' திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆண்டுக்கு 10,000 ரூபாயிலிருந்து 1 லட்சம் வரை ஒருங்கிணைந்த மானியம் உண்டு. துருப்பிடித்துத் திறக்க மறுக்கும் ஜன்னல் கொக்கிகளை மாற்றவும் ஓரிரு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தவும் அது போதும்.

முடிவெடுக்க ஓர் அமைப்பும் ஏற்கெனவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசு, உதவி பெறும் பள்ளிகளில் அமைய வேண்டிய நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் பொறுப்பு அவர்களுடையது. சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்க் குழாய் என்று போகும் அந்தப் பட்டியலில் இன்னும் மூன்று வரி சேர்த்தால் போதும்: எந்தெந்த ஜன்னல் திறக்கவில்லை, எந்தெந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி பாக்கி, காய்ச்சல் வந்தால் யார் வீட்டுக்குச் சாப்பாடு போக வேண்டும்.