பற்பசைக்குப் பக்கத்தில் பம்பரம்

மதுரை திருநகரில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். தெருப்பெயர் பிறகுதான் வரும், முதலில் ஸ்டாப். "மூணாவது ஸ்டாப்ல எறங்கி உள்ள வாங்க" என்பார்கள். திருப்பரங்குன்றம் தாண்டி வரும் டவுன் பஸ்ஸில் முதல் ஸ்டாப், ரெண்டாவது ஸ்டாப் என்று எண்ணிக்கொண்டே வந்தால் போதும், வீட்டைப் பிடித்துவிடலாம்.

அங்கே இருக்கும் என் அக்கா மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் அவளுக்காக ஆன்லைனில் ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கினோம். இரண்டே நாளில் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே கேட்டாள்: "மாமா, அந்த குடோன்ல லட்சக்கணக்குல சாமான் கிடக்குமே, அதுல என்னோடத எப்படித் தேடி எடுத்தாங்க?"

அவர்கள் தேடவே இல்லை. அதுதான் சங்கதி.

உங்கள் வீட்டு அடுக்களையை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போன இருட்டிலும் அப்பத்தாவின் கை நேரே கடுகு டப்பாவுக்குப் போய்விடும். கடுகுக்கு ஓர் இடம், சீரகத்துக்கு ஓர் இடம் என்று பல வருடமாக மாறாமல் இருப்பதால் வந்த பழக்கம் அது. ஒருநாள் இரண்டையும் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள், அடுக்களை என்ன பாடு படுகிறது என்று. (வைத்துவிட்டு என் பெயரைச் சொல்லக் கூடாது.)

பெரிய குடோன்களும் இப்படித்தான் இருக்கும், சோப்பெல்லாம் ஒரு பக்கம், பொம்மையெல்லாம் ஒரு பக்கம் என்றுதானே நினைப்பீர்கள்? அமேசான் போன்ற நிறுவனங்களின் குடோனுக்குள் போனால் சிரிப்பு வந்துவிடும். ஒரே தட்டில் பற்பசை, அதற்குப் பக்கத்தில் பம்பரம், அதை ஒட்டி ஒரு செல்போன் உறை! இது சோம்பேறித்தனம் இல்லை. வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள்.

சோப்புக்கென்று பத்து அலமாரி ஒதுக்கிவிட்டால், சோப்பு வராத நாளில் அந்தப் பத்தும் சும்மா கிடக்கும். எங்கே காலியோ அங்கே வை என்றால் ஓர் அங்குலமும் வீணாகாது. இன்னொரு லாபமும் உண்டு. ஒரே மாதிரி நீலச் சட்டைகள் பத்து அளவில் அடுத்தடுத்து இருந்தால் கை தவறி வேறு அளவை எடுத்துவிடும். பற்பசை எடுக்கப் போனவர் பம்பரத்தோடு திரும்ப மாட்டார் அல்லவா?

சரி, எது எங்கே இருக்கிறது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? மனிதர்கள் யாருக்கும் இருக்காது. இருக்கவும் வேண்டியதில்லை. அலமாரியின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு முகவரி உண்டு: இத்தனாவது வரிசை, இத்தனாவது அலமாரி, இத்தனாவது தட்டு. திருநகரின் ஸ்டாப், தெரு, கதவு எண் மாதிரியேதான். பொருளை வைக்கும் ஊழியர் கையில் இருக்கும் ஸ்கேனர் இரண்டு தடவை 'பீப்' என்னும். ஒரு பீப் பொருளுக்கு, ஒரு பீப் இடத்துக்கு. அந்த இரண்டையும் ஜோடி சேர்த்துக் கணினி எழுதிக்கொள்கிறது. அவ்வளவே! பொருள்களை வகை பிரித்து அடுக்குவது நம் மூளைக்காக நாம் செய்துகொண்ட ஏற்பாடு. கணினிக்கு முகவரி மட்டும் போதும். ஆனால் ஊழியர் ஒரு பீப்பை மறந்துவிட்டால், கண்ணெதிரே இருக்கிற பொருளும் காணாமல் போனதற்குச் சமம்தான்.

அந்த 'பீப்' பிறந்த இடம் கடற்கரை மணல். அமெரிக்காவில் ஜோசப் உட்லண்ட் என்ற பொறியாளர் மயாமி கடற்கரையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். சிறுவயதில் சாரணர் படையில் கற்ற மோர்ஸ் தந்திக் குறியீடு நினைவுக்கு வர, மணலில் புள்ளியும் கோடும் குத்தினார். பிறகு விரல்களால் அவற்றைக் கீழ்நோக்கி இழுத்தார். புள்ளி ஒல்லிக் கோடாகவும், கோடு தடிமனான கோடாகவும் நீண்டன. அதுதான் பார்கோடுக்கு விதை. அவரும் நண்பர் பெர்னார்ட் சில்வரும் 1952-இல் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் கடையில் முதன்முதலாக ஒரு பொருள் 'பீப்' ஆனது 1974 ஜூன் 26 அன்றுதான், ஒஹையோ மாநிலத்தின் டிராய் என்ற ஊரில். பொருள் என்ன தெரியுமா? சூயிங்கம் பாக்கெட்! கறுப்புக் கோடு வெளிச்சத்தை விழுங்கும், வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்பும். எது எவ்வளவு அகலம் என்று அளந்து ஸ்கேனர் எண்ணாக மாற்றிக்கொள்கிறது.

பார்கோடு சில எண்களைத்தான் சுமக்கும். 1994-இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தைச் சேர்ந்த மசாஹிரோ ஹாரா, கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க கியூஆர் கோடை உருவாக்கினார். கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் 'கோ' விளையாட்டுப் பலகைதான் அவருக்கு யோசனை தந்ததாம். மூலைகளில் மூன்று சதுரங்கள் இருக்கின்றன பாருங்கள், அவைதான் 'எந்தப் பக்கம் மேல்?' என்று கேமராவுக்குச் சொல்கின்றன. நம் வீட்டு ரேஷன் கார்டு 2017-இல் ஸ்மார்ட் கார்டாக மாறியபோது அதிலும் இந்தக் கட்டம் வந்து உட்கார்ந்தது.

பார்கோடாகட்டும் கியூஆர் கோடாகட்டும், ஸ்கேனரின் கண்ணில் பட்டால்தான் வேலை செய்யும். கண்ணில் படாமலே படிக்க முடியுமா? அதற்குத் திருநகரிலிருந்து கொஞ்சம் தெற்கே, கப்பலூர் டோல்கேட்டுக்குப் போவோம். லாரி வருகிறது, கட்டை தூக்கிக்கொள்கிறது. லாரியின் முன் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கில் பேட்டரி கிடையாது. மெல்லிய உலோகக் கம்பியும் நொய்யரிசியைவிடச் சிறிய சிப்பும் மட்டுமே. மேலே இருக்கும் கருவி ரேடியோ அலைகளை அனுப்புகிறது. அந்த அலையிலிருந்தே துளி மின்சாரம் எடுத்துக்கொண்டு, சிப் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. கேள்வி கேட்டவரிடமே சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பதில் சொல்வது மாதிரி! 2021 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்கத் தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டுகளில் இது கட்டாயம்.

ஆர்எஃப்ஐடி எனப்படும் இதே மாதிரி வில்லைகளைப் பெட்டிகளில் ஒட்டினால், ஒரு வண்டி நிறைய இருக்கும் பெட்டிகளையும் பிரிக்காமலே மொத்தமாக எண்ணிவிடலாம். பிறகு ஏன் எல்லாவற்றிலும் ஒட்டவில்லை? உலோகம் இந்த அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் விழுங்கிவிடும். எண்ணெய் டின்னும் தண்ணீர் பாட்டிலும் இதற்குப் பெரிய தலைவலி. அதோடு, பார்கோடு என்பது வெறும் மை. வில்லைக்கோ தனியாகக் காசு கொடுக்க வேண்டும். ஒரு ரூபாய் மிட்டாய்க்குக் கட்டுபடியாகுமா?

எங்கே இருக்கிறது என்பது முடிந்தது. எதை முதலில் எடுப்பது? இதற்கு நம் கிராமத்துக் குலுக்கையே வாத்தியார். மண்ணால் செய்த ஆளுயரக் குலுக்கையில் தானியத்தை மேல்வாய் வழியாகக் கொட்டுவார்கள். எடுப்பது அடியில் இருக்கும் துளை வழியாக. முதலில் போட்டது முதலில் வெளியே வந்துவிடும், பழையது அடியில் தங்கி வீணாகாது. குடோன் படிப்பில் இன்றும் முதல் பாடம் இதுதான்.

மருந்து என்றால் இன்னும் கவனம் வேண்டும். நேற்று வந்த பெட்டி போன மாதம் வந்ததைவிட முன்னால் காலாவதியாகலாம். அதனால் எது முதலில் காலாவதியோ அது முதலில் போக வேண்டும். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாவட்டங்களில் மருந்துக் கிடங்குகளை அமைத்து, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து கொடுத்துவருகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் இருப்பதுபோல ஒரு பாஸ்புக். எந்தக் கிடங்கில் எவ்வளவு இருப்பு என்பதைத் தொடக்கத்திலிருந்தே கணினியில் கணக்கு வைத்தார்கள். புதிதாக வந்த மருந்து, ஆய்வகச் சோதனையில் தேறும்வரை தனியே காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடோன் ரோபோக்களைப் பற்றி வாய் பிளக்கிறோமே, எனக்கு இந்தப் பாஸ்புக்தான் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது. மற்ற மாநிலங்களும் இந்த முறையை வந்து பார்த்துப் பின்பற்றின.

குடோனே ஆகாத சரக்கும் ஒன்று நம் ஊரில் உண்டு. மல்லிகை! மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மொட்டாக வந்தது, மாலைக்குள் யார் தலையிலாவது இருக்க வேண்டும்.

ரோபோவைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் விட மாட்டீர்கள். 2003-இல் அமெரிக்காவில் கீவா என்று ஒரு நிறுவனம் தொடங்கியது. மனிதர் அலமாரியைத் தேடி நடப்பதற்குப் பதிலாக, அலமாரி மனிதரைத் தேடி வந்தால் என்ன? இதுதான் அவர்களுடைய யோசனை. ஆமை போலத் தட்டையான ரோபோ அலமாரிக்கு அடியில் நுழைந்து, அதை அப்படியே தூக்கிக்கொண்டு வரும். தரையில் வரிசையாக ஒட்டியிருக்கும் குறியீட்டுக் கட்டங்களைக் கீழ்நோக்கிய கேமராவால் படித்து வழி பிடிக்கும். அட, அதுவும் ஸ்டாப் எண்ணிக்கொண்டுதான் வருகிறது! 2012-இல் அமேசான் அந்த நிறுவனத்தை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. நம் நாட்டில் நொய்டாவில் இருக்கும் ஆட்வெர்ப் நிறுவனமும் குடோன் ரோபோக்களைச் செய்கிறது.

ஆனாலும் தட்டிலிருந்து பம்பரத்தைப் பொறுக்கி எடுப்பது ரோபோவுக்கு இன்னும் கஷ்டமான வேலை. வழுக்கும் உறை, நசுங்கும் டப்பா, உருளும் பந்து என ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பலத்தில் பிடிக்க வேண்டும். உங்கள் விரல் யோசிக்காமல் செய்வதை அது தட்டுத்தடுமாறிக் கற்கிறது. நடை மிச்சமானது ஊழியர்களுக்கு நல்லதே. ஆனால் அலமாரிகள் அடுத்தடுத்து வந்து நிற்கும்போது அந்த வேகத்துக்குக் கையும் ஓட வேண்டியிருக்கிறதே, அது எனக்குப் பிடிக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகள் ஜியோமெட்ரி பாக்ஸின் பார்கோடையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸ்கேனர் ஒரு நம்பரத் தப்பாப் படிச்சிட்டா?" என்றாள். அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. கோட்டுக்குக் கீழே 13 இலக்கங்கள் இருக்கும். 890 என்று தொடங்கினால், அந்த எண்ணை நிறுவனம் இந்தியாவில் பதிவுசெய்து வாங்கியது என்று பொருள். பொருள் இங்கேதான் தயாரானது என்று அதற்கு அர்த்தம் இல்லை. கடைசி இலக்கம் காவல்காரர். எப்படி என்று 8901234567890 என்ற எண்ணில் பார்ப்போம்.

இடமிருந்து 1, 3, 5, 7 என ஒற்றைப்படை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டினால் 34. அதை மட்டும் மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. கடைசியில் பூஜ்யம் வந்தால் சரி. நடுவில் இருக்கும் 4-ஐ ஸ்கேனர் 5 என்று படித்துவிட்டால் 131 வரும், உடனே 'தப்பு' என்று தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுங்கள். அதன் 13 இலக்கங்களை இதேபோலக் கூட்டுங்கள். கடைசியில் பூஜ்யம் வரவில்லையா? பெரும்பாலும் பாக்கெட் மேல் தப்பு இருக்காது. இன்னொரு தடவை கூட்டுங்கள்.